அழுக்குக்கு ஓர் அளவுகோல்

ஒரு பாத்திரம் சுத்தமாயிற்றா என்று கேட்டால், அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும் எவரும் தயக்கமின்றி விடை சொல்லிவிடுவர்; ஆனால் இரண்டு யந்திரங்களில் எது பாத்திரத்தை நன்றாகக் கழுவுகிறது, எவ்வளவு நன்றாகக் கழுவுகிறது, இன்று பெர்லினில் ஒருவர் கண்ட முடிவையே ஆறு மாதம் கழித்து லண்டனில் மற்றொருவரும் காண்பாரா என்று கேட்கத் தொடங்கியவுடன், அடுக்களையில் நாள்தோறும் நடக்கும் அந்தச் சாதாரணக் காரியம் ஒரு கடினமான சாஸ்திரப் பிரச்னையாக உருவெடுத்துவிடுகிறது. வீட்டு உபயோகத்துக்கான டிஷ்வாஷர் என்னும் பாத்திரம் கழுவும் யந்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரம் கூறும் பரீட்சை முறை எவ்வாறு வளர்ந்தது என்ற வரலாறு, யந்திரத்தின் வரலாற்றைக் காட்டிலும் சுவையும் பயனும் உடையது என்பது என் அபிப்பிராயம். யந்திரத்தைப் படைத்தவர்களின் பெயர்கள் நூல்களில் ஏறியிருக்கின்றன. அழுக்கை அளக்கக் கற்றவர்களின் உழைப்போ பெரும்பாலும் பெயரின்றியே நின்றுவிட்டது.

1850-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோயல் ஹௌட்டன் என்பவர், கைப்பிடியைச் சுழற்றினால் பாத்திரங்களின்மேல் தண்ணீரை வாரி இறைக்கும் ஒரு மரச் சாதனத்துக்குப் பேட்டண்ட் பெற்றார். அது வீடுகளில் நிலைக்கவில்லை. உண்மையிலேயே வேலை செய்யும் யந்திரம் இல்லினாய் மாகாணத்தின் ஷெல்பிவில் என்ற சிற்றூரில், ஜோசபின் காக்ரன் என்ற சீமாட்டியின் வீட்டுக் கொட்டகையில் பிறந்தது. தம் வீட்டு விருந்துகளுக்குப் பின் வேலையாட்கள் கழுவும்போது பீங்கான் கலங்களின் விளிம்புகள் சிதைவதைக் கண்டு மனம் பொறாமல், அதற்கு ஒரு பரிகாரம் தேட முற்பட்ட அந்த அம்மையாருக்கு, கணவர் கடன் சுமையை விட்டு மறைந்தபின் அதையே ஜீவனோபாயமாகவும் கொள்ள நேர்ந்தது. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் ஒருவரின் துணையோடு, தட்டு, கோப்பை, பீங்கான் வட்டில் ஆகிய ஒவ்வொன்றின் அளவையும் எடுத்து, அவற்றுக்கேற்ற கம்பி அறைகளைப் பின்னி, அவற்றை ஒரு செப்புக் கொப்பரைக்குள் கிடக்கும் சக்கரத்தில் பொருத்தி, சக்கரம் சுழலச் சுழல அடியிலிருந்து சூடான சோப்பு நீர் பீச்சியடிக்கும்படி அவர் அமைத்தார். 1886 டிசம்பர் 28-இல் அதற்குப் பேட்டண்ட் கிடைத்தது. துடைப்பானும் தூரிகையும் செய்த வேலையை நீரின் வேகத்திடம் ஒப்படைத்த அந்த யோசனையே இன்றுவரை எல்லா டிஷ்வாஷர்களுக்கும் மூலமாக இருக்கிறது.

1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் காக்ரனின் யந்திரம் பரிசு பெற்றது. அதன் கட்டமைப்பையும், நீடித்த உழைப்பையும், எடுத்துக்கொண்ட தொழிலுக்கு அது பொருந்தியிருந்த விதத்தையும் நடுவர்கள் பாராட்டினர். நூறு தட்டுகளை உள்ளே வைத்தால் எத்தனை தட்டுகள் கறையின்றி வெளியே வருகின்றன என்ற கணக்கு அந்தப் பாராட்டில் இடம்பெறவில்லை. அக்காலத்தில் அப்படி ஒரு கணக்குக் கேட்பாரும் இல்லை, கேட்டிருந்தால் சொல்லும் உபாயமும் இல்லை. சிகாகோவின் பெரிய ஹோட்டல்களான பாமர் ஹவுஸும் ஷெர்மன் ஹவுஸும் யந்திரத்தை வாங்கியபோது, அவர்களுக்கு வேறு பரீட்சை வேண்டியிருக்கவில்லை. தங்கள் சமையற்கட்டில் நாள்தோறும் குவியும் பற்றுப் பாத்திரங்களே பரீட்சை. மறுநாள் விருந்தாளி முகம் சுளிக்கிறாரா இல்லையா என்பதே முடிவு. வாங்குபவனே தன் கண்ணால் சோதித்து அறியக்கூடிய வியாபாரமாக அது இருந்தது.

வீடுகளின் நிலை வேறு. ஒரு குடும்பம் வாழ்நாளில் ஓரிரு முறையே இத்தகைய யந்திரத்தை வாங்குகிறது. வாங்கிய பிறகே அதன் குணாகுணம் தெரியவருகிறது. தெரிந்த பின்போ திருப்பிக் கொடுக்க வழியில்லை. 1929-இல் ஜெர்மனியின் மீலே நிறுவனம் ஐரோப்பாவின் முதல் மின்சார டிஷ்வாஷரைக் கொணர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, குழாயில் வெந்நீரும் சுவரில் மின்சாரமும் அமெரிக்க வீடுகளில் சாதாரணமான பிறகு விற்பனை பெருகத் தொடங்கியது. விளம்பரங்களில் புன்னகைக்கும் இல்லத்தரசி ஒருத்தி கண்ணாடிக் குவளையை உயர்த்திக் காட்டுவாள், குவளை பளபளக்கும். அந்தக் குவளையில் முதலில் என்ன ஒட்டியிருந்தது, எத்தனை மணி நேரம் காய்ந்திருந்தது என்பவை யாருக்கும் சொல்லப்படவில்லை.

இந்த இடத்தில் யந்திரத்தை விட்டு, அதை நிறுத்துப் பார்க்க முன்வந்தவர்களின் கதைக்கு நாம் சற்றே விலகிச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ என்ற மாதர் பத்திரிகை 1900-லேயே ஒரு பரிசோதனைக் கூடத்தை நிறுவி, 1909 முதல் தான் ஏற்ற பொருள்களுக்கு ஒரு முத்திரையும் வழங்கிவந்தது. அதன் சேவையைக் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் அது விளம்பர வருமானத்தில் நடந்த பத்திரிகை. தகுந்தது, தகாதது என்ற அளவில் அது தீர்ப்புச் சொல்லுமேயன்றி, இந்த யந்திரம் முதலாவது, அந்த யந்திரம் கடைசி என்று வரிசைப்படுத்திச் சொல்லும் துணிவு அத்தகைய அமைப்பில் வருவது கடினம்.

அந்தத் துணிவுக்கு வித்திட்டவர்கள் இருவர். பொருளாதார எழுத்தாளர் ஸ்டூவர்ட் சேஸும், அமெரிக்க அரசாங்கத்தின் தரநிர்ணயக் கூடத்தில் பணியாற்றிய பொறியாளர் பிரெடரிக் ஷ்லிங்க்கும் சேர்ந்து 1927-இல் ‘யுவர் மணீஸ் வொர்த்’ என்ற நூலை வெளியிட்டனர். அரசாங்கம் தனக்கு வேண்டிய சோப்பையும் பெயிண்டையும் தட்டச்சு யந்திரத்தையும் வாங்குமுன் தன் கூடத்தில் சோதித்துப் பார்த்து, நல்லதைத் தேர்ந்து, கோடிக்கணக்கான டாலர்களை மிச்சப்படுத்துகிறது. அந்தக் கூடத்தை நடத்த வரி செலுத்தும் குடிமகனுக்கோ அந்த முடிவுகளை அறியும் வழியில்லை என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். நியாயமான இந்தக் கேள்வி வாசகர் உள்ளத்தைத் தொட்டது. கடிதங்கள் குவிந்தன, 1929-இல் ‘கன்ஸ்யூமர்ஸ் ரிசர்ச்’ என்ற ஸ்தாபனம் எழுந்தது. ஆனால் ஆறே ஆண்டுகளில், தொழிற்சங்கம் அமைத்த ஊழியர்களை நீக்கியதன் காரணமாக அங்கே வேலைநிறுத்தம் வெடித்து, வெளியேறியவர்கள் 1936-இல் ‘கன்ஸ்யூமர்ஸ் யூனியன்’ என்ற புதிய சங்கத்தைத் தொடங்கினர். ஆர்தர் காலட் அதன் முதல் இயக்குநர். கால்ஸ்டன் வார்ன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தலைவர். அந்த ஆண்டு மே மாதம் வெளிவந்த முதல் இதழ் பாலையும், காலையுணவுத் தானியங்களையும், சோப்பையும் ஆராய்ந்தது. 1942 முதல் அந்த இதழ் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்ற பெயரில் வருகிறது.

புதிய சங்கத்தார் தமக்கு விதித்துக்கொண்ட விரதங்கள் கடுமையானவை. எந்த நிறுவனத்தின் விளம்பரமும் ஏற்பதில்லை. பரீட்சைக்கு வேண்டிய பொருளைத் தயாரிப்பாளரிடமிருந்து இலவசமாகப் பெறாமல், சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைக்குச் சென்று விலை கொடுத்தே வாங்குவது. தமது தீர்ப்பை எந்த நிறுவனமும் விளம்பரத்தில் எடுத்தாள இடம் கொடாதிருப்பது. இரண்டாவது விரதம் எவ்வளவு அவசியமானது என்பதை யந்திரங்களை அறிந்தவர் உணர்வர்; தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்து அனுப்பும் யந்திரம் ஆலையிலிருந்து வெளிவரும் நூற்றில் ஒன்றாக இருக்குமா, நூற்றில் சிறந்த ஒன்றாக இருக்குமா என்பது சொல்லாமலே விளங்கும். இந்தச் சுதந்திரத்துக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. விளம்பரத்தை நம்பி வாழ்ந்த பல பத்திரிகைகள் சங்கத்தின் அறிவிப்புகளை வெளியிட மறுத்தன. 1939-இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு ஒன்று அவர்களைக் கம்யூனிஸ்ட் சார்புடையவர் என்று குற்றம் சாட்டியது. அந்தக் களங்கம் நீங்க 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஐரோப்பாவில் இந்த விதை யுத்தத்துக்குப் பிறகே ஊன்றப்பட்டது. 1957 அக்டோபரில், லண்டன் மாநகரின் பெத்னல் கிரீன் பகுதியில் ஒரு மோட்டார்க் கொட்டகையைக் காரியாலயமாகக் கொண்டு, மைக்கேல் யங் முதலானோர் ‘விச்?’ என்ற இதழை வெளியிட்டனர். மின்சாரக் கெட்டில், குளிர்கண்ணாடி, ஆஸ்பிரின் ஆகியவை அதில் ஆராயப்பட்டன. 1960-இல் அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, பெல்ஜியம், ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து நாட்டுச் சங்கங்கள் ஹேக் நகரில் ஒன்றுகூடிச் சர்வதேச அமைப்பொன்றை உருவாக்கின. ஜெர்மனியில் அரசாங்கமே 1964 டிசம்பரில் ‘ஷ்டிஃப்டுங் வாரென்டெஸ்ட்’ என்ற அறநிலையத்தை பெர்லினில் நிறுவியது. அரசுப் பணத்தில் தோன்றினும் அதன் தீர்ப்பில் அரசு தலையிடுவதில்லை.

ஒப்பிட்டுச் சொல்லும் உரிமையை நீதிமன்றங்களிலும் நிலைநாட்ட வேண்டியிருந்தது. பனிச்சறுக்குக் கட்டையின் பிணைப்புகளைப் பற்றி அந்த அறநிலையம் நடத்திய ஒரு பரீட்சையை எதிர்த்து வந்த வழக்கில், 1975-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், பரீட்சை பக்ஷபாதமின்றியும் தக்க நிபுணத்துவத்தோடும் உண்மையை அறியும் நோக்கத்தோடும் நடத்தப்பட்டிருக்குமாயின், அதன் முறையிலும் முடிவிலும் பரிசோதகருக்கு விரிந்த சுதந்திரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலோ, 1970-இல் ஓர் ஒலிபெருக்கியைப் பற்றி கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் எழுதிய விமர்சனத்துக்காக போஸ் நிறுவனம் தொடுத்த வழக்கு 1984 வரை நீண்டு, உச்ச நீதிமன்றத்தில் சங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு சொல்லுக்குப் பல ஆண்டுகள் வழக்காட நேரிடலாம் என்று அறிந்தவன் தன் சொல்லை எவ்வளவு நுணுக்கமாக அளந்து வைப்பான்! பரீட்சை முறைகள் இத்தனை கறாராக வளர்ந்ததற்கு நியாய ஸ்தலங்களின் நிழலும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இப்போது பாத்திரங்களுக்குத் திரும்புவோம். கெட்டிலைப் பரீட்சிப்பது எளிது; ஒரு லிட்டர் நீர் கொதிக்க எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் சொல்லிவிடும். பாத்திரம் கழுவும் யந்திரத்துக்கு அப்படியொரு கடிகாரம் இல்லை. அழுக்கு என்பது வீட்டுக்கு வீடு, வேளைக்கு வேளை மாறுவது. காபி படிந்த கோப்பையில் நன்றாக வேலை செய்யும் யந்திரம், முட்டை காய்ந்த தட்டில் தோற்றுப் போகலாம். கொழுப்பைக் கரைப்பது வெந்நீர், மாவுப் பசையை உரிப்பது நீர்த்தாரையின் வேகம், முட்டையின் புரதத்தைச் சிதைப்பது தூளில் கலந்த நொதி. ஆகவே, யந்திரங்களை நியாயமாக ஒப்பிட வேண்டுமாயின் அவற்றுக்கு ஒரே விதமான அழுக்கைக் கொடுக்க வேண்டும். உலகத்தில் இயல்பாக எங்கும் இல்லாத அந்த ஒரே விதமான அழுக்கை மனிதர்கள் முதலில் உண்டாக்க வேண்டும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் உட்குழு ஒன்று இந்தக் காரியத்தை மேற்கொண்டு, 60436 என்ற எண்ணுடைய பிரமாணத்தை வகுத்தது. யந்திரங்களுக்கு விதி எழுதியவர்கள் பலர் உண்டு. அழுக்குக்கு விதி எழுதிய இந்தப் பொறுமைசாலிகளை நினைக்குந்தோறும் என் மதிப்பு உயர்கிறது.

அந்த விதியின்படி அழுக்குகள் ஏழு: பால், தேநீர், கொத்திறைச்சி, முட்டை, ஓட்ஸ் கஞ்சி, பசலைக்கீரை, மார்கரின். ஐரோப்பியக் குடும்பம் ஒன்றின் காலை, மாலை உணவுகள் இவற்றில் அடங்கிவிடுகின்றன. அதே சமயம் புரதம், மாவு, கொழுப்பு, சாயம், நார் என்று ஒவ்வொரு வகைக் கறைக்கும் ஒரு பிரதிநிதி அமைந்துவிடுகிறது. பரிசோதனைக் கூடத்தின் காலை வேளை ஒரு விசித்திரமான சமையற்கட்டை ஒத்திருக்கும். குறித்த முறையில் தயாரித்த தேநீரைக் கோப்பைகளில் ஊற்றி, அதன் வளையம் சுவரில் படியும்படி நிற்கவிடுகின்றனர். பாலைக் கண்ணாடிக் குவளைகளில் பூசி, மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து, அடிப்பிடித்த ஏடு உண்டாகும்வரை சூடேற்றுகின்றனர். கஞ்சியை வேண்டிய பதத்தில் காய்ச்சித் தட்டுகளிலும் கரண்டிகளிலும் தூரிகையால் தடவுகின்றனர். கீரையும் கொத்திறைச்சியும் நிறுத்த எடையில் தேய்க்கப்படுகின்றன. பிறகு எல்லாவற்றையும் 80 டிகிரி உஷ்ணமுள்ள அலமாரியில் இரண்டு மணி நேரம் உலர்த்துகின்றனர். இரவெல்லாம் கழுவாமல் கிடந்த பாத்திரத்தில் காணும் அந்தக் கெட்டிப் பொருக்கு, இரண்டு மணி நேரத்துக்குள் வேண்டியபடி வந்துவிடுகிறது.

பாத்திரங்களுக்கும் கணக்கு உண்டு. ஒருவர் உண்பதற்கான கலத்தொகுதி என்றால் பெரிய தட்டு, சூப்புத் தட்டு, சிறு தட்டு, கோப்பை, அதன் ஏந்து தட்டு, குவளை, கத்தி, முள்கரண்டி, மூவகைக் கரண்டிகள் ஆக 11 உருப்படிகள். பன்னிரண்டு பேருக்கான யந்திரம் என்றால் பரிமாறும் பாத்திரங்கள் நீங்கலாக 132 உருப்படிகள். இவை எங்கே, எந்தக் கோணத்தில் அடுக்கப்பட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பேடு சொல்கிறது. நீரின் கடினத்தன்மைக்கும், கழுவும் தூளின் சேர்மானத்துக்கும், அறையின் உஷ்ணத்துக்கும் வரையறை உண்டு.

கழுவி முடிந்தபின் தீர்ப்பு வழங்குவது மனிதக் கண்ணே. குறித்த அளவு வெளிச்சத்தில், பயிற்சி பெற்றவர் ஒவ்வோர் உருப்படியையும் எடுத்துப் பார்த்து ஐந்து முதல் பூஜ்யம் வரை மதிப்பெண் இடுகிறார். எதுவும் இல்லையென்றால் ஐந்து. நான்கு புள்ளிகள் வரை, மொத்தப் பரப்பு 4 சதுர மில்லிமீட்டருக்கு மேற்படாதிருந்தால் நான்கு. பத்துப் புள்ளிகள் வரை என்றால் மூன்று. பரப்பு 50 சதுர மில்லிமீட்டர் வரை போனால் இரண்டு. 200 வரை ஒன்று. அதற்கும் மேல் பூஜ்யம். 200 சதுர மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு விரல் நகத்தின் பரப்பு. வீட்டில் நாம் பெரும்பாலும் மன்னித்துவிடும் கறை அது. உலர்த்தும் திறமைக்கு வேறு மதிப்பெண்: முற்றிலும் உலர்ந்ததற்கு இரண்டு, ஓரிரண்டு துளிகளோ ஒரு நீர்க்கோடோ இருந்தால் ஒன்று, அதற்கு மேல் ஈரமிருந்தால் பூஜ்யம். ஒரே ஓட்டத்தோடு இது முடிவதில்லை; குறைந்தது ஐந்து முறை அழுக்காக்கி, ஐந்து முறை கழுவி, ஐந்து முறையும் எண்ணுகின்றனர். ஒரு யந்திரத்துக்கு அறுநூற்றுக்கும் மேற்பட்ட தடவை ஒருவர் ஓர் உருப்படியைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், பத்திரிகையில் ஒரு வரியாக வரும் மதிப்பீட்டின் பின்னால் எத்தகைய உழைப்பு நிற்கிறது என்பது புலப்படும்.

இவ்வளவு கட்டுப்பாடு செய்தும் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. பால் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது; கீரை மாறுகிறது; பார்ப்பவரின் கண் மாறுகிறது; பெர்லின் கூடத்தின் கஞ்சியும் லண்டன் கூடத்தின் கஞ்சியும் ஒரே பதமாக இருக்குமென்று எவர் உறுதி சொல்வது? இதற்கு அவர்கள் கண்ட உபாயம் முழு முறைக்கும் உயிர்நாடி போன்றது. பரீட்சைக்கு வந்த யந்திரத்துக்குப் பக்கத்திலேயே, குணம் முன்பே அறியப்பட்ட மேற்கோள் யந்திரம் ஒன்றை நிறுத்தி, ஒரே சட்டியிலிருந்து எடுத்த அழுக்கை இரண்டுக்கும் பூசி, ஒரே நேரத்தில் ஓட்டி, ஒரே கண்ணால் பார்க்கின்றனர். மதிப்பெண்ணைத் தனியாகச் சொல்லாமல், மேற்கோள் யந்திரம் பெற்ற மதிப்பெண்ணால் அதை வகுத்துச் சொல்கின்றனர். பொன் வணிகர் உரைகல்லில் புதுப் பொன்னின் கோட்டையும், மாற்றறிந்த ஆணியின் கோட்டையும் அருகருகே இழுத்துப் பார்ப்பது போன்றது இது; கல்லின் குற்றமும் கண்ணின் குற்றமும் இரண்டு கோடுகளுக்கும் பொதுவாகிவிடுவதால், வித்தியாசம் பொன்னுடையதாகவே நிற்கிறது. மீலே நிறுவனம் இதற்கென்றே தயாரித்துக் கொடுத்த மாதிரி யந்திரங்கள் பல நாட்டுக் கூடங்களில் மேற்கோளாக நின்றிருக்கின்றன.

அமெரிக்கர் வேறு வழியில் சென்றனர். அவர்களுடைய தயாரிப்பாளர் சங்கத்தின் முறைக்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் முறைக்கும் அமெரிக்க உணவுமேஜையே ஆதாரம். நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரிலுள்ள இந்த இதழின் கூடத்தில் பத்துப் பேருக்கான கலங்களில் பிடிவாதமான உணவுகளை அப்பி, காயவிட்டு, யந்திரத்துக்குள் அடுக்குகின்றனர். அதே நாட்டில் அரசாங்கத்தின் மின்செலவுச் சோதனை நெடுங்காலம் வேறொரு பாதையில் இருந்தது: யந்திரம் எவ்வளவு மின்சாரம் கொள்கிறது என்று அளக்கும்போது சுத்தமான பாத்திரங்களையே உள்ளே வைத்தனர். பழைய யந்திரங்களில் இதனால் பெரும் பிழை நேரவில்லை, ஏனெனில் உள்ளே என்ன இருந்தாலும் அவை ஒரே ஓட்டமாக ஓடி முடித்தன. பிறகு கலங்கலை அறியும் உணர்கருவி வந்தது. கழுவிய நீரின் ஊடே ஓர் ஒளிக்கதிரைச் செலுத்தி, நீர் தெளிந்திருந்தால் வேலையைக் குறைத்து, கலங்கியிருந்தால் மேலும் நீரெடுத்துக் கழுவும் யந்திரங்கள் அவை. சுத்தமான பாத்திரங்களை வைத்துச் சோதித்தால் அவற்றின் நீர் எப்போதும் தெளிவாகவே இருக்கும். ஆகவே ஏட்டில் ஏறிய மின்செலவு குறைவாகவும், வீட்டில் ஆகும் செலவு அதிகமாகவும் முடிந்தது. 2003-இல் அரசாங்கம் விதியைத் திருத்தி, உணர்கருவியுள்ள யந்திரங்களை அழுக்குப் பாத்திரங்களோடும் சோதிக்க வேண்டும் என்று ஆக்கியது. பரீட்சையில் விடுபட்டுப் போன ஒன்றின் வழியாகத்தான் உண்மை நழுவிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

யந்திரத்தை மட்டும் தனியே பிரித்து அளக்க முடியாது என்பதை 1959-லேயே ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஹெர்பர்ட் சின்னர் ஒரு வட்டமாக வரைந்து காட்டியிருந்தார். காலம், உஷ்ணம், விசை, ரசாயனம் ஆகிய நான்கும் சேர்ந்தே அழுக்கை நீக்குகின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். இன்றைய யந்திரங்களின் சிக்கன ஓட்டம் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் நீள்வதன் ரகசியம் இதுவே: நீரைச் சூடாக்கும் மின்சாரத்தைக் குறைத்து, அந்தக் குறையைக் காலத்தால் ஈடுசெய்கின்றனர். ரசாயனத்தைக் குறைத்தால் என்ன நேரும் என்பதையும் உலகம் கண்டது. ஏரிகளிலும் ஆறுகளிலும் பாசி பெருகுவதற்குக் காரணமாகும் பாஸ்பேட்டைக் கழுவும் தூளிலிருந்து நீக்கும்படி வாஷிங்டன் மாகாணம் இயற்றிய சட்டம், 2008-இல் அதன் ஸ்போகேன் வட்டாரத்தில் அமலுக்கு வந்தது. குவளைகளில் வெண்படலம் படியக் கண்ட மக்களில் சிலர் எல்லை தாண்டி ஐடஹோ மாகாணத்துக்குக் காரோட்டிச் சென்று பழைய தூளையே வாங்கிவந்தனர். 2010-இல் பல மாகாணங்களில் அந்தக் கட்டுப்பாடு ஒருங்கே அமலுக்கு வந்தபோது, யந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரை அழைத்த வீடுகள் அநேகம். குற்றம் யந்திரத்துடையதா, தூளுடையதா என்று பிரித்துச் சொல்லும் ஆற்றல், இரண்டையும் தனித்தனியே மாற்றி மாற்றிச் சோதித்த கூடங்களிடமே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2017 முதல் இதே கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது.

யந்திரத்தையும் மனிதக் கையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையும் எழாமல் இல்லை. பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஷ்டாமிங்கர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில், ஏழு ஐரோப்பியப் பிரதேசங்களைச் சேர்ந்த 113 பேரை அழைத்து, பிரமாணத்தின்படி அழுக்காக்கிய பன்னிரண்டு பேருக்கான பாத்திரங்களைத் தத்தம் வழக்கப்படி கையால் கழுவச் சொன்னார்கள். சராசரியாக 103 லிட்டர் தண்ணீரும், 2.5 யூனிட் மின்சாரமும், 79 நிமிஷமும் செலவாயின. யந்திரத்துக்கு அதே வேலைக்கு 15 முதல் 22 லிட்டரும், ஒன்று முதல் இரண்டு யூனிட்டும் போதுமானவையாக இருந்தன. இந்த எண்கள் விற்பனையாளர்களின் வாயில் எளிதாகப் புழங்கத் தொடங்கின. ஆனால் சராசரிக்குள் மறைந்திருக்கும் செய்தி எனக்கு அதிக மதிப்புள்ளதாகத் தோன்றுகிறது: ஒருவர் கழுவுவதைப் போல் இன்னொருவர் கழுவவில்லை. குழாயைத் திறந்துவிட்டபடியே கழுவியவர் உண்டு. இரண்டு தொட்டிகளில் நீரை நிரப்பிச் சிக்கனமாக முடித்தவரும் உண்டு. கையால் கழுவுவதற்கு மேற்கோள் யந்திரம் இல்லை.

பரீட்சைக் கூடத்தின் முறைகள் காலப்போக்கில் சட்டமாகவும் ஆயின. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் டிஷ்வாஷர்களுக்கு மின்செலவுச் சீட்டு வகுத்தபோது, மின்சாரத்தோடு கழுவும் திறமைக்கும் உலர்த்தும் திறமைக்கும் தனித்தனி எழுத்துகளை அச்சிட்டது. இப்போது அவ்வெழுத்துகள் சீட்டில் இல்லை. 2021 மார்ச் முதல் அமலில் உள்ள விதியின்படி, கழுவும் திறமை மேற்கோள் அளவைப்போல் 1.12 மடங்கையும், பெரிய யந்திரமானால் உலர்த்தும் திறமை 1.06 மடங்கையும் தாண்டாத யந்திரம் ஐரோப்பியச் சந்தைக்கே வரலாகாது. ஏதோ ஒரு கூடத்தின் மூலையில் கஞ்சி பூசிய தட்டுகளோடு நின்ற யந்திரம், இன்று ஒரு கண்டம் முழுவதற்கும் சட்டத்தின் எல்லைக்கோடாக நிற்கிறது. வீடுகளின் வழக்கம் மாற மாறப் பிரமாணமும் மாறிவருகிறது. காபிக் குவளைகளும், சமைத்த பானைகளும், சூட்டைத் தக்கவைக்காததால் கடைசிவரை ஈரமாகவே நிற்கும் பிளாஸ்டிக் கலங்களும் புதிய பதிப்பில் சேர்ந்துள்ளன. சீட்டில் அச்சாகும் எண்கள் யாவும் சிக்கன ஓட்டத்துக்கு உரியவை. மூன்று மணி நேரம் பொறுக்க மாட்டாத குடும்பங்கள் குறுகிய ஓட்டத்தையும் தானியங்கி ஓட்டத்தையும் பயன்படுத்துகின்றன என்பதை அறிந்த நுகர்வோர் சங்கங்கள், அவற்றையும் ஓட்டி அளந்து வெளியிடுகின்றன. சட்டம் கேட்பதைக் காட்டிலும் அதிகமாகக் கேட்பது அவர்களுடைய பழைய வழக்கம்.

ஒரே ஒரு கேள்விக்குக் கூடத்தில் விடை கிடைப்பதில்லை: இந்த யந்திரம் எத்தனை ஆண்டு உழைக்கும்? ஐந்து முறை ஓட்டிப் பார்த்தாலும் ஐம்பது முறை ஓட்டிப் பார்த்தாலும் பத்தாண்டு வாழ்க்கை தெரியவராது. ஆகவே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் வினாத்தாள் அனுப்பி, எந்த யந்திரம் எப்போது பழுதாயிற்று, எந்தப் பாகம் போயிற்று என்று கேட்டுத் தொகுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் பாகத்துக்கேற்ப 7 ஆண்டுகள் அல்லது 10 ஆண்டுகள் வரை உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 2021 முதல் தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. வினாத்தாள் வழியாகப் போதிய விடைகள் வந்து சேர்வதற்குள் அந்த மாதிரி யந்திரமே கடைகளிலிருந்து மறைந்துவிடுவதால், அந்தத் தொகுப்பு யந்திரத்தின் பெயரால் வெளியிடப்படுவதில்லை. எந்த நிறுவனத்தின் யந்திரங்கள் நெடுநாள் உழைத்திருக்கின்றன என்று நிறுவனத்தின் பெயராலேயே அது சொல்லப்படுகிறது.